ஒரு ரயில் பாதை, ஒரு லென்ஸ், ஒரு ஆல்பம்: வடசென்னையில் கேமராவோடும் ஜாஸோடும் திரிவது எப்படி

கேமரா வாங்கிய முதல் வருடம் நான் ஊட்டி, ஹம்பி, புதுச்சேரி என்று ஓடினேன். வேலைக்குப் போகிறவனுக்கு வருடத்தில் இரண்டு பயணம் கிடைத்தாலே பெரிது, மீதி ஐம்பது வாரமும் கேமரா அலமாரியில்தான் இருந்தது. அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசை இன்னொரு பக்கம், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனில். மூன்று ஆசை, மூன்றுக்கும் நேரம் போதவில்லை. அப்புறம் மூன்றையும் ஒரே பாதையில் போட்டேன், அதுவும் வீட்டு வாசலில் ஓடுகிற பாதையில். தண்டையார்பேட்டையிலிருந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இதே ஆசைகள் இருந்து நேரமும் பணமும் இடித்தால், நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், முயன்று பாருங்கள்.

முறை இதுதான். ஒரே ரயில் பாதை, ஒரே லென்ஸ், மாதத்துக்கு ஒரு ஆல்பம். ஞாயிறு தோறும் அதே பாதை. இடம் மாறினால்தான் படம் மாறும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் ஜாஸ்காரர்கள் ஒரே மெட்டை நாற்பது வருடம் வாசித்திருக்கிறார்கள், ஒவ்வொரு ராத்திரியும் அது வேறு மாதிரி வந்திருக்கிறது. மெட்டு தெரிந்த பிறகுதான் அதைவிட்டு நகரும் தைரியம் வரும். ஒரு தெருவை நான்கு வாரம் நடந்த பிறகுதான் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தச் சுவரில் வெயில் எப்போது விழும், யார் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியவரும். அப்போதுதான் எதிர்பாராமல் நடப்பதைப் பிடிக்க முடியும்.

கருவிகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கையில் இருக்கும் போனே போதும். கேமராதான் வேண்டும் என்றால், பழைய பாடி ஒன்று செகண்ட்ஹேண்டில், அதோடு எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) ஒன்று, 35 மில்லிமீட்டரோ 50 மில்லிமீட்டரோ. ஜூமை வீட்டில் வைத்துவிடுங்கள். ஜூம் இல்லையென்றால் காலால் கிட்டே போக வேண்டும், கிட்டே போனால் பேச வேண்டும், பேசினால் படம் மாறும். போனில் எடுப்பவர்கள் ஒரே ஒரு விஷயம் பழகுங்கள்: திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நம் ஊர் வெயிலுக்கு போன் எப்போதும் படத்தை வெளுக்கவைத்துவிடுகிறது.

பாதை என்று நான் சொல்வது பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி போகிற புறநகர் ரயில். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போகும். பல வண்டிகள் சென்ட்ரல் மூர் மார்க்கெட் பக்கமிருந்தும் கிளம்பும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் கட்டாயம் இறங்குங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. பழைய கட்டடத்தின் உயரமான தூண்கள் காலை வெயிலில் தரையில் நீள நிழலாக விழும், அந்த நிழலுக்காகவே நான் எத்தனையோ ஞாயிறு போயிருக்கிறேன். ஸ்டேஷனுக்குள் ட்ரைபாட் விரித்தால் ரயில்வே போலீஸ் வருவார்கள், அது நியாயமும்கூட. படம் எடுக்க அனுமதி வேண்டும் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள், வெளியே தெருவில் நின்று எடுப்பதற்கே நிறைய இருக்கிறது.

பாதையின் உயிர் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஜூன் வாக்கில் சூரியன் ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டும், அந்தக் கணக்கில் அலாரம் வையுங்கள். இருட்டில் மஞ்சள் பல்பு, அதற்குப் பின்னால் நீல வானம், இரண்டும் சேர்ந்து ஒரே அளவு வெளிச்சமாக நிற்கும் நேரம் பதினைந்து நிமிடம்கூட இருக்காது. அந்த நேரத்தில் எஃப் 2 (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ 1600 (கேமராவின் வெளிச்ச உணர்வு), ஷட்டர் 1/125 வினாடி என்று ஆரம்பித்து வெளிச்சம் வர வர ஐஎஸ்ஓவை இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏலம் கேட்கிறவர்களின் கையைப் பாருங்கள், முகத்தைவிட கைகள்தான் விலை சொல்கின்றன. ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களும் மீன்பாடி வண்டிக்காரர்களும் வேகமாக வருவார்கள், அவர்களோடு சேர்ந்து கேமராவைத் திருப்பி 1/30-ல் எடுத்தால் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடாகவும் வரும். முதல் நாற்பது படம் வீணாகும், நாற்பத்தொன்றாவது வந்துவிடும். வழியை மறித்து மட்டும் நிற்காதீர்கள். அங்கே எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள், ஈரத்தரையில் தலைச்சுமையோடு வருகிற அக்கா உங்களுக்காக ஒதுங்கிப் போகும்படி வைக்கக் கூடாது.

கூட்டம் பயமாக இருந்தால் மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வலை பின்னுகிறவர்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள், பலகை மாற்றுகிற ஆசாரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். பேசவும் நேரம் இருக்கும். ஆனால் அது அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம் என்பதும் நினைவில் இருக்கட்டும். இன்னொரு எச்சரிக்கை: பக்கத்திலேயே பெரிய துறைமுகம் இருக்கிறது. அதன் கேட், பாதுகாப்புப் படையின் இடங்கள், அனல் மின் நிலையத்தின் உள்பகுதி, இவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

கேட்டுவிட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்டுவிடுவேன். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" அவ்வளவுதான். "எடுத்துக்கோ தம்பி, பேப்பர்ல போட்டுடாத" என்று ஒரு அக்கா சொன்னார், அந்தப் படம் இன்றுவரை என் வீட்டுச் சுவரில் மட்டும்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம், ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுங்கள். அனுமதி கிடைத்ததும் எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள், அந்த ஒரு படத்தையும் எடுங்கள், பிறகு பத்து நிமிடம் அங்கேயே இருங்கள், அவர்கள் வேலைக்குத் திரும்பியதும் இரண்டாவது படம் கிடைக்கும். அடுத்த வாரம் நான்குக்கு ஆறு அளவில் ஒரு பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு டீ விலைதான், ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நீங்கள் வேற்றாள் இல்லை.

சரி, ஜாஸுக்கு வருவோம். கேட்டதே இல்லை என்பவர்களுக்கு முதல் தடை, "இதில் பாட்டு எங்கே இருக்கிறது" என்பதுதான். கச்சேரி கேட்ட காது உங்களுக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான ஜாஸில் முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் கட்டமைப்புக்குள் நின்று கற்பனையாக வாசிப்பார்கள், கடைசியில் மறுபடி மெட்டு. நிரவலும் கற்பனாஸ்வரமும் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற மாதிரி. நான்கு நான்கு பார் (தாளச் சுற்று) எனச் சாக்ஸபோனும் டிரம்ஸும் மாற்றி மாற்றி வாசிக்கும் இடம் வரும், அது தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வதைப் போலவே இருக்கும். டேவ் புரூபெக் குவார்டெட் 1959-ல் பதிவு செய்த டேக் ஃபைவ் என்ற பாட்டு ஐந்து அடி தாளம். தகிட தக, தகிட தக என்று தொடையில் தட்டிப் பாருங்கள், உடனே பிடிபடும். நம் கண்டசாபு தக தகிட என்று போகும், இது அதைத் திருப்பிப் போட்ட மாதிரி.

முதல் மாதத்துக்கு டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டே நாளில் பதிவானது. முழுசாக எழுதிய இசையாக இல்லாமல், ஸ்கேல்களையும் (ஸ்வர வரிசைகளையும்) சில குறிப்புகளையும் மட்டும் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எல்லோருக்கும் எல்லை தெரிந்திருந்தது, உள்ளே என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் படம் எடுக்கப் போகும்போது இதைத்தான் செய்கிறேன்: பாதை, லென்ஸ், நேரம் மூன்றையும் முடிவு செய்துவிட்டு, என்ன படம் என்று மட்டும் முடிவு செய்யாமல் கிளம்புவேன். இரண்டாம் மாதத்துக்கு, 1975 வாக்கில் கிதார்காரர் ஜான் மெக்லாலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா, எல். சங்கரின் வயலின் சேர்ந்து உருவான சக்தி குழு. சாக்ஸபோன் நம் காதுக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் கத்ரி கோபால்நாத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் கர்னாடக சங்கீதம் வாசித்தவர், 1980-ல் மும்பையில் நடந்த ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டியோடு மேடையில் வாசித்தார்.

எப்போது கேட்பது? ரயிலில். பழைய எல்பி இசைத்தட்டு ஒன்றின் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம் ஓடும். ராயபுரத்தில் ஏறி ஒரு பக்கத்தைப் போட்டால் திருவொற்றியூர் வாக்கில் முடியும். இறங்கியதும் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரம் காதை அடைத்துக்கொண்டு நடப்பது ஆபத்து, அது ஒன்று. இன்னொன்று, தெருவுக்கே தாளம் இருக்கிறது. பாத்திரக் கடை, வெல்டிங் பட்டறை, கேரம் காய் மோதுவது, கானா பாடுகிற பையன் மேசையில் தட்டுவது எல்லாம் கேட்டால்தான் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும். பல நல்ல படங்களை நான் முதலில் காதால்தான் கண்டுபிடித்தேன்.

கானா பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சாவு ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்குழு போகும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான துதிப்பாடல், அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டமாடும் வேகம். பின்னால் ஆடிக்கொண்டே வருகிற கூட்டத்துக்கு செகண்ட் லைன் என்று பெயர். ஜாஸ் வளர்ந்த மண் அது. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் துக்க வீட்டு வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, செத்தவரின் பெயரையும் குணத்தையும் அங்கேயே கோத்துக் கானா கட்டுகிறவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச் என்று நமக்கும் ஒரு தெரு இருக்கிறது, பெயருக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் அங்கே நின்று அத்தோவும் (பர்மிய நூடுல்ஸ்) வாழைத்தண்டு சூப்பும் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்வலம் நினைவுக்கு வரும். ஒன்று மட்டும்: துக்க வீட்டில் குடும்பத்தில் ஒருவர் வாய்விட்டு எடுக்கச் சொன்னாலொழிய கேமராவை வெளியே எடுக்காதீர்கள். நான் எடுத்ததில்லை. அங்கே கேட்பது மட்டும் போதும்.

மழை நாட்களில் வீட்டில் உட்கார்ந்து ஜாஸ் புகைப்படக்காரர்களின் படங்களைப் பாருங்கள். வில்லியம் காட்லீப் 1930-களின் கடைசியிலும் 40-களிலும் எடுத்த 1,600-க்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன, 2010 முதல் அவை பொதுச் சொத்து, இணையத்தில் இலவசமாகப் பெரிய அளவில் பார்க்கலாம். ஹெர்மன் லெனார்ட் ஆளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு சிகரெட் புகையையே சிற்பமாக்கினார். பிரான்சிஸ் வோல்ஃப் ப்ளூ நோட் இசைத்தட்டுக் கம்பெனியின் பதிவுகள் நடக்கும்போது கூடவே இருந்து எடுத்தவர், வாசிப்பவர் தன்னை மறந்திருக்கும் நொடிகள் அவருக்குக் கிடைத்ததற்குக் காரணம் அவர் அங்கே வீட்டு ஆள் மாதிரி இருந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்தவர் ராய் டிகராவா. ஃபிளாஷ் கிடையாது, இருக்கிற வெளிச்சம்தான், படத்தில் முக்கால்வாசி இருட்டு, அந்த இருட்டுக்குள் ஒரு கன்னம், ஒரு கை. மில்ட் ஹின்டன் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர், கூட வாசித்தவர்களை ரயிலிலும் பஸ்ஸிலும் மேடைக்குப் பின்னாலும் எடுத்துத் தள்ளினார். பயணம், இசை, கேமரா மூன்றையும் ஒரே ஆள் வைத்திருந்ததற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நேரடி ஜாஸ் கேட்க நாம் தெற்கே போக வேண்டும். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் (பிரெஞ்சு), கோத்தே (ஜெர்மன்) போன்ற கலாச்சார மையங்களில் அவ்வப்போது நிகழ்ச்சி இருக்கும், ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம், ஜூன் 21 பிரெஞ்சுக்காரர்களின் இசைத் திருநாள், இந்த இரண்டு தேதிகளை ஒட்டி அறிவிப்புகளைக் கவனியுங்கள். நடத்துகிறவர்களிடம் முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள். பெரிய நிகழ்ச்சிகளில் முதல் இரண்டு மூன்று பாட்டுக்கு மட்டும் எடுக்க விடுவார்கள்.

மேடைப் படத்துக்கு என் அமைப்பு: எஃப் 1.8, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 3200-ல் ஆரம்பம், ரா ஃபார்மட் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு). 1/100-க்குக் காரணம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மினுக்குகின்றன, இதோடு பொருந்தாத ஷட்டர் வேகத்தில், அதுவும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். வெளிச்ச அளவீட்டை ஸ்பாட்டில் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து முகத்தில் எடுங்கள், இல்லையென்றால் கறுப்புத் திரையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து முகத்தை வெளிறவைத்துவிடும். சிவப்பு, நீல விளக்கு முகத்தைத் தின்றுவிட்டால் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பேஸ் சோலோ (தனி வாசிப்பு) வரும்போது கிளிக் சத்தமும் வேண்டாம், அப்போது கேமராவை மடியில் வைத்துக் கேளுங்கள். மெட்டின் அமைப்பு தெரிந்திருப்பதற்குப் பலன் இங்கேதான். சோலோ முடியப்போகிறது என்று காதுக்குத் தெரிந்தால் வாசித்தவர் அடுத்தவரை நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு நொடிக்கு நீங்கள் தயாராக இருப்பீர்கள். டிரம்ஸ்காரர் சிரிப்பதும் அப்போதுதான்.

மறுபடி நம் பாதைக்கு. திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிப் பக்கம் கடல் தெரியும், கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கும். துறைமுகம் கட்டியபோது தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தடுக்கப்பட்டு மெரினா அகலமானது, நம் பக்கம் கடல் உள்ளே வந்தது, அதற்குத்தான் இந்தக் கற்கள். இது தெரிந்த பிறகு அந்தக் கற்களை வெறும் அழகான முன்னணியாக என்னால் எடுக்க முடியவில்லை. எண்ணூர் தாண்டி ரயில் கழிமுகத்தைக் கடக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவுகிறவர்கள், பின்னால் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்து அவர்கள் பிழைப்பே நின்ற இடம் அது. அவசரப்பட்டு எடுத்துவிட்டு ஓடாதீர்கள், இறங்கிப் பேசுங்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடித்துப் பழவேற்காடு. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், ஆனால் 50 மில்லிமீட்டர் லென்ஸில் அவை இளஞ்சிவப்புப் புள்ளிகள்தான், அதை ஏற்றுக்கொண்டு வானத்தையும் தண்ணீரையும் எடுங்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர், அவர்களுடைய கல்லறைத் தோட்ட வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு உருவங்கள் சாய்வெயிலில் நன்றாக விழும்.

உப்புக் காற்று பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரப்படுத்திய துணியால் கேமரா உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸை மூடிய தோல் பையில் வைக்காதீர்கள். அப்படி இரண்டு மழைக்காலம் வைத்து என் முதல் லென்ஸில் பூஞ்சை வந்தது, சரிபார்க்கக் கொடுத்த கடையில் பணமும் போய் லென்ஸும் மங்கலாகத் திரும்பியது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம், அது போதும்.

படங்களை அன்றைக்கே கார்டிலிருந்து இரண்டு இடத்தில் நகலெடுத்துவிட்டு, இரண்டு வாரம் திறக்காதீர்கள். எடுத்தபோது இருந்த பரவசம் வடிந்த பிறகு பார்த்தால்தான் எது நிற்கிறது என்று தெரியும். மாதக் கடைசியில் பன்னிரண்டு படம் மட்டும் தேர்ந்தெடுத்து எல்பி மாதிரி வரிசைப்படுத்துங்கள், முதல் பக்கத்துக்கு ஆறு, இரண்டாம் பக்கத்துக்கு ஆறு. இரைச்சலான படத்துக்குப் பிறகு அமைதியான படம், ஒரே மாதிரி இரண்டு வந்தால் ஒன்றைத் தூக்கிவிடுங்கள். அந்த மாதத்து ஆல்பத்தைப் போட்டுக்கொண்டு பிரின்ட்டுகளைத் தரையில் பரப்பி இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது, உண்மையைச் சொன்னால், படம் எடுப்பதைவிட எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

அடுத்த மாதம் லென்ஸை மாற்றாதீர்கள், பாதையையும் மாற்றாதீர்கள், ஆல்பத்தை மட்டும் மாற்றுங்கள். என்னுடையது இந்த மாதம் சக்தி. வரும் ஞாயிறு முதல் வண்டிக்கு ராயபுரத்தில் நிற்பேன், கல்மண்டபம் பக்கம் டீக்கடை அதற்குள் திறந்திருக்கும்.